தப்பிய சிங்கத்துக்குப் பட்டாளம் எதற்கு? எக்ஸ்மூர் 1983, கரூ 2015

மாரிட்ஸ்பர்க் மாமா:
1983ல் இங்கிலாந்தின் தென்மேற்கில், எக்ஸ்மூர் மேட்டுநிலத்துப் பண்ணை ஒன்றில் மூன்றே மாதத்தில் நூறு ஆட்டுக்கு மேல் பறிபோனதாகப் புகார் எழுந்தது. யாரோ வளர்த்துத் தப்பவிட்ட சிறுத்தை அல்லது பூமா என்று ஊரெல்லாம் பேச்சு. கடைசியில் ராயல் மரீன் படையினரை அனுப்பினார்கள். குறிசுடும் ஆட்கள் இரவுப் பார்வைக் கருவியோடு வேலியோரம் பதுங்கிக் கிடந்தார்கள். விலங்கு அகப்படவே இல்லை. இதைக் காட்டித்தான் "பட்டாளம் வீண்" என்று எல்லாரும் முடித்துவிடுகிறார்கள். அது தவறு என்பது என் கட்சி. அன்றைய கருவி அவ்வளவுதான். இங்கே தென்னாப்பிரிக்காவில் 2015 ஜூனில் கரூ தேசியப் பூங்காவிலிருந்து சில்வெஸ்டர் என்ற சிங்கம் வெளியேறி, மூன்று வாரத்துக்கு மேல் சுற்றி, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நடந்து, முப்பது ஆடு வரை தின்றதே. முதல் நாளே நம் பாதுகாப்புப் படையின் ஹெலிகாப்டரும் நூறு ஆளும் இறங்கியிருந்தால் மூன்று வாரம் ஆகியிருக்காது.

கரூக்காரன்:
மாமா, கணக்குப் போட்டுப் பார்ப்போம். எக்ஸ்மூர் தேசியப் பூங்கா ஏறக்குறைய 690 சதுர கிலோமீட்டர். இரவுக் கருவியோடு ஒருவர் படுத்திருந்தால், மறைப்பே இல்லாத இடத்தில் சுற்றிலும் 300 மீட்டர் தெரியும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அது 0.28 சதுர கிலோமீட்டர். இருபது பேரை இருபது இடத்தில் போட்டாலும் ஆறு சதுர கிலோமீட்டர்கூட வராது. நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. உண்மையில் 300 மீட்டரும் கிடைக்காது. முழங்கால் உயர ஹெதர் புதர், இடுப்பளவு பெரணி, நடுநடுவே சதுப்பு. நம் டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்துப் புல்வெளியில் பாதியை ஊறவைத்து, மேலே மூடுபனியை இழுத்துப் போர்த்தினால் எப்படியோ அப்படி.

இன்னொரு கணக்கு. பெரும்பூனை ஓர் இரவில் 15 கிலோமீட்டர் போகும் என்று வையுங்கள். எந்தத் திசை என்று தெரியாவிட்டால், மறுநாள் காலை தேட வேண்டிய வட்டம் 700 சதுர கிலோமீட்டர். அதாவது முழு எக்ஸ்மூர். இரண்டாம் இரவு அதைப்போல நான்கு மடங்கு. நூறு ஆளைப் பத்து மீட்டர் இடைவெளியில் நிறுத்தினால் கிடைப்பது ஒரு கிலோமீட்டர் அகல வரிசை. சிங்கம் அந்த வரிசையைப் பார்த்து எழுந்து ஓடாது. காதை மடக்கிப் படுத்துக்கொள்ளும், ஆள் தாண்டியதும் பின்பக்கமாக நழுவிவிடும்.

மாரிட்ஸ்பர்க் மாமா:
அதனால்தான் கருவி மாறிவிட்டது என்கிறேன் தம்பி. 1983ல் இருந்தது நட்சத்திர வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் கருவி. விலங்கு அசையாமல் இருந்தால் புதரும் அதுவும் ஒன்றுதான். இன்று வெப்பக் கேமரா வைத்த ட்ரோன் இருக்கிறது. உடல் சூடு இருந்தால் திரையில் பளிச்சென்று தெரியும், புதருக்குள் படுத்திருந்தாலும் தப்பாது.

கரூக்காரன்:
புதருக்குள் படுத்திருந்தால் தெரியாது மாமா. வெப்பக் கேமரா காட்டுவது மேற்பரப்பின் சூட்டை. அது இலையை ஊடுருவாது. இடைவெளி வழியாகக் கொஞ்சம் உடம்பு தெரிந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. கரூவில் இன்னொரு தொல்லை உண்டு. அங்குள்ள கருப்பு டாலரைட் பாறை பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு நள்ளிரவு தாண்டியும் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். திரையில் ஒரு கொப்பி (பாறைக் குன்று) முழுக்க நூறு சிங்கம் படுத்திருப்பதுபோல் இருக்கும். பயன் தரும் நேரம் விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான். சாதாரண ட்ரோன் மின்கலம் அரைமணி, நாற்பது நிமிடம் தாங்கும். காற்று பலமாக இருந்தால் அதுவும் இல்லை. எக்ஸ்மூரிலோ மூடுபனித் துளியே அகச்சிவப்பை விழுங்கிவிடும். பனி விலகினாலும் ஆயிரக்கணக்கான ஆடுகள், அத்தனையும் சூடான உருவம்.

சில்வெஸ்டரைத் தேடியதில் ஹெலிகாப்டரும் மோப்ப நாயும் இருந்தன. ஆனால் தடம் பார்க்கிறவர்கள் காலால் நடக்காமல் அந்தத் தேடல் இல்லை. ஸ்பூர், அதாவது தடம், பிடிக்கும் முறை இதுதான். மூன்று பேர் போதும். நடுவில் ஒருவர் தடத்தை மட்டும் பார்ப்பார். இருபக்கமும் சற்று முன்னால் இருவர். இவர்கள் தரையைப் பார்க்கவே கூடாது, விலங்கைத்தான் பார்க்க வேண்டும். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் வெயில் சாய்ந்து விழும்போது, தடம் தனக்கும் சூரியனுக்கும் நடுவே இருக்கும்படி நடந்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து விளிம்பு எழும்பித் தெரியும். உச்சி வெயிலில் அதே தடம் தட்டையாகிக் காணாமல் போகும். நாயின் தடத்தில் நகம் பதியும். சிங்கத்தின் தடத்தில் பதியாது, உள்ளங்கால் பின்விளிம்பில் மூன்று மடிப்பு இருக்கும். தடத்தின் மேல் பனித்துளி தெறித்த புள்ளி இருந்தால் பனி விழுவதற்கு முன் போனது. பனி நசுங்கியிருந்தால் பனி விழுந்தபின் போனது. தடம் தொலைந்தால் கடைசித் தடத்தில் குச்சி நட்டுவிட்டு, அதைச் சுற்றி வட்டம் போட்டுத் தேட வேண்டும். ஒரு காலடி நீளத்தைக் குச்சியில் வெட்டுக் குறியாக வைத்துக்கொண்டால் அடுத்த தடம் எங்கே விழும் என்று அதுவே சொல்லும்.

இந்த நிலத்தில் நூறு பூட்ஸ் நடந்தால் என்ன ஆகும்? பட்டாளம் செய்யும் முதல் காரியமே ஆதாரத்தை மிதிப்பதுதான்.

சாட்ஸ்வொர்த் அக்கா:
நீங்கள் இருவரும் இரண்டு வேறு விஷயத்தை ஒன்றாக்கிப் பேசுகிறீர்கள். சில்வெஸ்டர் இருந்தது உறுதி. எந்தப் பூங்கா, எந்த வேலி என்பதுவரை தெரியும். எக்ஸ்மூரில் தேடியது இருக்கிறதா என்றே தெரியாத ஒன்றை. 1976ல் பிரிட்டனில் ஆபத்தான காட்டு விலங்குச் சட்டம் வந்ததும், உரிமம் வாங்க மனமில்லாத சிலர் வளர்த்ததைத் திறந்துவிட்டிருப்பார்கள் என்பது பலர் சொல்லும் ஊகம். ஊகத்துக்குத் தடம் விழாது.

ஆட்டைக் கொன்றது எது என்று முதலில் பார்த்தார்களா? செத்த ஆட்டின் கழுத்துத் தோலை உரித்துப் பார்க்க வேண்டும். உள்பக்கம் கருஞ்சிவப்பாக ரத்தம் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கும்போது கடிபட்டது. தோலில் ஓட்டை இருந்தும் உள்ளே வெளுத்துக் கிடந்தால், நோயிலோ குளிரிலோ செத்ததை அப்புறம் வந்து ஏதோ தின்றிருக்கிறது. பெரும்பூனை தொண்டையில் ஒரே பிடி பிடிக்கும். தெருநாய் தொடை, விலா, காது என்று கண்ட இடத்தில் பிய்த்துவைக்கும், பல ஆட்டைக் கடித்துத் தின்னாமலும் போகும். ஒரே இரவில் ஐந்தாறு கிடந்தால் முதல் சந்தேகம் நாய்மேல்தான் வர வேண்டும்.

இங்கிலாந்தின் கார்ன்வாலில், போட்மின் மூர் மேட்டுநிலத்துப் பெரும்பூனைக் கதையும் இதற்குச் சாட்சி. 1995ல் விவசாய அமைச்சகம் விசாரித்து, உறுதியான ஆதாரம் இல்லை, இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது என்று அறிக்கை கொடுத்தது. சில நாளிலேயே ஃபோவி ஆற்றில் சிறுத்தை மண்டையோடு கிடைத்தது. ஊரே துள்ளிக் குதித்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பார்த்தபோது பின்மண்டை வெட்டி எடுக்கப்பட்டிருந்தது, உள்ளே வெப்பமண்டலக் கரப்பான் பூச்சியின் முட்டைக்கூடு. சிறுத்தைத்தோல் விரிப்பிலிருந்து வந்த தலை அது. அந்தக் கூட்டைக் கண்டுபிடிக்க எத்தனை துப்பாக்கி வேண்டியிருந்தது?

மாரிட்ஸ்பர்க் மாமா:
அக்கா சொன்னது சரி, எக்ஸ்மூரை விட்டுவிடுகிறேன். ஆனால் தப்பியது உறுதி, பக்கத்தில் பண்ணை, பள்ளிக்கூடம் இருக்கிறது என்றால்? அப்போது குறிசுடுநர் வேண்டாமா? மயக்க ஊசிக்காகக் காத்திருப்பது கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற கதையல்லவா?

கரூக்காரன்:
பள்ளிக்கூட வாசலில் நின்றால் சுடத்தான் வேண்டும், அதில் தகராறு இல்லை. திறந்த வெளியில் கதை வேறு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் குறிசுடுநர் கையில் இருந்தது எல்42ஏ1 துப்பாக்கி, 7.62 மில்லிமீட்டர் குண்டு. தவறிய குண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். விலங்கு மேட்டு விளிம்பில் நின்றால் பின்னால் மண்சுவர் இல்லை, வானம்தான். அதற்கு அப்பால் யார் வீடு என்று தெரியாது. எக்ஸ்மூரில் படையினர் ஏதோ உருவத்தைக் கண்டும் சுடாமல் விட்டதாகச் சொல்லப்படுவதற்கும் இதுதான் காரணம். பயிற்சி உள்ளவர் என்பதால்தான் சுடவில்லை.

மயக்க ஊசி கொக்கு வெண்ணெய் இல்லை மாமா, ஆனால் எளிதும் இல்லை. ஹெலிகாப்டரிலிருந்து முப்பது மீட்டருக்குள் வர வேண்டும். தோள் அல்லது பின்தொடைச் சதையில் பட வேண்டும். எலும்பிலோ வயிற்றிலோ பட்டால் மருந்து வேலை செய்யாது. சிங்கத்துக்கு வழக்கமாகக் கொடுப்பது டிலெட்டமின், சோலாசெபாம் கலவை. படுக்க ஐந்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும். அதற்குள் டொங்காவுக்குள் (மழை அரித்த பள்ளம்) இறங்கினால் தேடுவதே தனி வேலை. நீண்ட நேரம் துரத்தினால் உடல் சூடேறி மயக்கத்திலேயே செத்துப்போகும். துரத்தல் சில நிமிடத்தோடு நிற்க வேண்டும். விழுந்தபின் கண் திறந்தபடியே இருக்கும், சரியாக இமைக்காது. களிம்பு போட்டுத் துணியால் மூடாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும். டிலெட்டமினுக்கு முறிமருந்து கிடையாது, தானாகத் தெளியும்வரை ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். 2015ல் நுவெவெல்ட் மலையில் சில்வெஸ்டரை இப்படி ஊசிபோட்டுத்தான் பிடித்தார்கள்.

பக்கி ஓட்டி:
எல்லாரும் பிடிப்பதைப் பேசுகிறீர்கள். வெளியே எப்படி வந்தது?

கரூக்காரன்:
மழைநீர் வேலிக்கு அடியில் மண்ணை அரித்த இடத்தில் நுழைந்து வந்தது. ஓடை குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும் வேலியின் அடிக்கம்பிக்கும் தரைக்கும் நடுவே கல்லை அடுக்கி வலையால் கட்ட வேண்டும்; பெரிய மழை பெய்த மறுநாளே நடந்து பார்க்க வேண்டும். மின்சாரம் மட்டும் போதாது. கரூ மண் காய்ந்த மண், மின்னைக் கடத்தாது. விலங்கு கம்பியைத் தொட்டாலும் சுற்று முழுமையாகாது. அதனால் ஒரு கம்பி மின்கம்பி, அடுத்தது தரைக்கம்பி என்று மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். புல் வளர்ந்து கம்பியில் பட்டால் மின்னழுத்தம் இறங்கிவிடும்.

சாட்ஸ்வொர்த் அக்கா:
2016 மார்ச்சில் மறுபடியும் போனதே. அப்போது கழுத்தில் செயற்கைக்கோள் காலர் இருந்தது. முதலில் சுட்டுவிடலாம் என்றார்கள், மக்கள் கொந்தளித்ததும் முடிவு மாறியது. சில நாளில் ஊசிபோட்டுப் பிடித்தார்கள். மே மாதம் ஆடோ யானைப் பூங்காவுக்கு மாற்றினார்கள்.

மாரிட்ஸ்பர்க் மாமா:
காலர் போட்ட சிங்கத்துக்குப் பட்டாளம் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். காலர் இல்லாததற்கு வேண்டும் என்பதிலிருந்து இறங்க மாட்டேன். சாலையை அடைக்க, பண்ணைக்குப் பண்ணை தகவல் சொல்ல, வானொலித் தொடர்பு கொடுக்க யார் இருக்கிறார்கள்?

கரூக்காரன்:
அந்த மூன்றுக்கும் வரட்டும், தடுக்கவில்லை. ஆனால் தடம் பார்க்கிற மூவர் முதலில் போகட்டும். லாரி தார் ரோட்டிலேயே நிற்கட்டும். மண்பாதைதான் சிங்கத்துக்கும் பிடித்த பாதை, டயர் ஏறினால் தடம் போச்சு.