தோட்டத்துத் தீனிக்குழாயில் கிரீன்ஃபிஞ்ச் பறவைகள் இறக்கின்றன: தீனி வைப்பதை நிறுத்த வேண்டுமா?

ஹாரோ வாசகி:

அனைவருக்கும் வணக்கம். இலண்டனின் வடமேற்கே ஹாரோவில், சிறிய பின்தோட்டம் உள்ள ஒரு வீட்டில் வசிக்கிறேன். 2020ஆம் ஆண்டு கொரோனா முடக்கத்தில் வெளியே செல்ல முடியாதிருந்த என் அம்மாவுக்காகப் பறவைகளுக்குத் தீனி வைக்கத் தொடங்கினேன். சூரியகாந்தி விதை போடும் இரண்டு தொங்கும் குழாய்கள், மரத்தாலான ஒரு தட்டையான தீனிமேசை, ஒரு கல் தண்ணீர்த்தொட்டி ஆகியவை இருக்கின்றன. விதை தின்னும் சிறு பறவைகளான கிரீன்ஃபிஞ்ச், கோல்டுஃபிஞ்ச் ஆகியவையும் புறாக்களும் வருகின்றன; அவற்றோடு நம் ஊர்ச் செந்தார்ப் பைங்கிளிகளும் கூட்டமாக வருவதால், அம்மாவுக்குக் காலை நேரம் முழுவதும் சன்னலோரத்திலேயே கழிகிறது.

சென்ற வாரம் ஒரு கிரீன்ஃபிஞ்ச் இறகுகளை உப்பிக்கொண்டு மேசையின் மூலையிலேயே உட்கார்ந்திருந்தது. அம்மா கைக்கெட்டும் தூரம் வரை சென்றும் அது பறக்கவில்லை. விதையை அலகில் எடுப்பதும், விழுங்க முடியாமல் கீழே போடுவதுமாக இருந்தது. அலகைச் சுற்றியிருந்த இறகுகள் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு நாள் கழித்து வேலியடியில் அது இறந்து கிடந்தது. நேற்று இன்னொன்றும் அதே நிலையில் வந்து அமர்ந்திருக்கிறது.

தீனியை நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னபோது, யாழ்ப்பாணத்தில் காகத்துக்கு வைத்த பிறகே சோற்றில் கைவைத்துப் பழகிய அம்மா, "நம்பி வரும் வாயை மூடுவதா?" என்று மிகவும் வருந்தினார். உண்மையில் நிறுத்தத்தான் வேண்டுமா? மருந்து ஏதேனும் தண்ணீரில் கலந்து வைக்கலாமா? வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருப்பதால் எங்களுக்கு ஆபத்து உண்டா என்பதையும் அறிந்தவர்கள் தயவுசெய்து கூறுங்கள்.

லெஸ்டர் கால்நடை மருத்துவர்:

வணக்கம் சகோதரி. பறவையைச் சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆயினும் விழுங்க முடியாமை, நனைந்த அலகு, அருகே சென்றாலும் அசையாத சோர்வு ஆகிய மூன்றும் ஒரு கிரீன்ஃபிஞ்சிடம் சேர்ந்து காணப்பட்டால், முதலில் ஐயுற வேண்டியது டிரைக்கோமோனாஸ் கல்லினே என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியைத்தான். அது தொண்டையிலும், கழுத்தடியில் தீனி தங்கும் இரைப்பையிலும் புண்ணை உண்டாக்கி வழியை அடைத்துவிடுவதால், தீனிக்கு நடுவே உட்கார்ந்துகொண்டே பறவை பட்டினியால் மெலிந்து சாகிறது.

புறாக்களிடமும் அவற்றை உண்ணும் வேட்டைப் பறவைகளிடமும் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்த இந்த நோய், 2005ஆம் ஆண்டில் பிரிட்டனின் ஃபிஞ்ச் இனங்களில் முதன்முதலாகத் தென்பட்டு, 2006இல் பெருங்கொள்ளைநோயாக வெடித்தது. அப்போது ஏறத்தாழ 43 இலட்சமாக இருந்த கிரீன்ஃபிஞ்ச் எண்ணிக்கை 2009க்குள் 28 இலட்சமாகச் சரிந்தது. 2008இல் நோய் நார்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளுக்கும் சென்றது. வலசை போகும் சாஃபிஞ்ச் பறவைகளே அதைச் சுமந்து சென்றிருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். நம் தோட்டங்களில் மிகச் சாதாரணமாகக் காணப்பட்ட இந்தப் பறவை 2021 டிசம்பரில், பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் பறவைகளுக்கான பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, மருத்துவத்தில் இத்தனை ஆண்டு இருந்த எனக்கே மனம் கனத்தது.

பரவும் விதத்தைப் புரிந்துகொண்டால் செய்ய வேண்டியது தெளிவாகிவிடும். இந்த ஒட்டுண்ணிக்கு உறுதியான உறைக்குள் ஒடுங்கிக் காத்திருக்கும் பருவம் கிடையாது, காய்ந்தால் மடிந்துவிடும். ஆகவே அது எச்சில் வழியாகவே, ஈரம் காயும் முன்பே, ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போக வேண்டியிருக்கிறது. நோயுற்ற பறவை விழுங்க முடியாமல் துப்பிய விதையை அடுத்த பறவை பொறுக்குவதும், அது அலகை நனைத்த நீரையே மற்றவை குடிப்பதும் அதற்குப் போதுமான வழிகள். தட்டையான தீனிமேசையில் துப்பிய விதையும் நல்ல விதையும் எச்சமும் ஒன்றாகக் கலந்து கிடப்பதால் அது குழாயைக் காட்டிலும் ஆபத்தானது. பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.பி. 2025இல் தட்டையான தீனிமேசைகளின் விற்பனையை நிறுத்தி வைத்ததற்கும் இந்த அச்சமே காரணம்.

ஆகையால் இன்றே எல்லாத் தீனியையும் எடுத்துவிடுங்கள். தண்ணீர்த்தொட்டியையும் கவிழ்த்துக் காயவிடுங்கள். குறைந்தது இரண்டு வாரம், அதன்பின்னும் நோயுற்ற பறவை தென்பட்டால் மேலும் சில வாரம் பொறுத்திருங்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: காட்டுப் பறவைகள் எந்த ஒரு தோட்டத்தையும் மட்டுமே நம்பி வாழ்வதில்லை, ஒரு நாளில் பல இடங்களில் மேய்ந்து திரிபவை அவை. உங்கள் குழாய் காலியானால் கூட்டம் கலையும்; நோயுற்றதும் நலமாயிருப்பதும் ஒரே தட்டில் அலகை வைக்கும் நிலையும் நீங்கும்.

மருந்தைத் தண்ணீரில் கலக்கவே கூடாது. எந்தப் பறவை எவ்வளவு குடிக்கும் என்பது நம் கையில் இல்லை. நோயுற்றதற்குப் போதாமலும் நலமாயிருப்பதற்கு வேண்டாமலும் போய்ச் சேரும் மருந்து, ஒட்டுண்ணியை அந்த மருந்துக்குப் பழக்கப்படுத்தவும் கூடும். இந்த ஒட்டுண்ணி மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஆனால் பறவைக் காய்ச்சல் பரவியுள்ள காலம் இது என்பதால் இறந்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். கார்டன் வைல்ட்லைஃப் ஹெல்த் என்னும் திட்டத்தின் இணையதளத்தில் தகவலைப் பதிவு செய்தால், தேவைப்படும்போது அவர்களே பறவையைச் சோதனைக்குக் கேட்டுப் பெறுவார்கள்.

சியாட்டில் வாசகி:

அக்கா, மருத்துவர் கூறியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். குழந்தை இருப்பதாக எழுதியிருந்ததால்தான் இதை எழுதுகிறேன். 2020-21 குளிர்காலத்தில் கனடாவின் வடக்குக் காடுகளிலிருந்து பைன் சிஸ்கின் என்னும் சிறு பறவைகள் பெருங்கூட்டமாகத் தெற்கே இறங்கின. எங்கள் வாசிங்டன் மாநிலத்தில் அவை சால்மொனெல்லா நோயால் கொத்துக் கொத்தாக இறந்தன. தீனிக்குழாய்களை எடுத்துவிடுமாறு மாநில வனவிலங்குத் துறையே மக்களைக் கேட்டுக்கொண்டது. அந்தக் கிருமி மனிதருக்கும் வரும்: 12 மாநிலங்களில் 29 பேர் நோயுற்றதாகவும், அவர்களில் 14 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகவும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. வெளித்தோற்றத்தில் இரண்டு நோயும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே எந்த நோய் என்று தெரியும் வரை கையுறை அணிந்து வெளிக்குழாயடியிலேயே கழுவுங்கள். சமையலறைத் தொட்டிக்குள் தீனிக்குழாயைக் கொண்டுவர வேண்டாம், அதற்கென்று தனி வாளியும் தனித் தூரிகையும் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைத் தீனிமேசையின் அடியில் விளையாட விடாதீர்கள்.

மதுரைப் புறா வளர்ப்பவர்:

சகோதரிக்கு வணக்கம். நான் முப்பது ஆண்டுகளாக மாடியில் புறா வளர்த்து வருபவன். கிரீன்ஃபிஞ்சைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். ஆனால் மருத்துவர் சொல்லும் நோயை நன்றாக அறிவேன். புறாக்குஞ்சின் வாயைத் திறந்தால் தொண்டையில் மஞ்சளாகப் பாலாடைக்கட்டி போல் படிந்திருப்பது அதுதான். தாயும் தந்தையும் தம் இரைப்பையில் ஊறும் பாலைக் குஞ்சின் வாய்க்குள் ஊட்டும்போதே அதுவும் சேர்ந்து இறங்கிவிடுகிறது. வளர்ந்த புறாக்களில் பல, எந்த நோய்க்குறியும் இல்லாமல் அதைத் தொண்டையில் சுமந்துகொண்டே திரியும். இதைச் சொல்வதற்குக் காரணம், உங்கள் கவலை நோயுற்ற கிரீன்ஃபிஞ்சோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான். குழாயிலிருந்து சிதறும் விதையைக் கீழே நின்று பொறுக்கும் கொழுத்த புறா, பார்ப்பதற்கு ஆரோக்கியமாக இருந்தாலும், நோயை அந்த இடத்துக்குக் கொண்டுவந்ததே அதுவாக இருக்கலாம்.

அதனால் இரண்டு வாரம் கழித்துக் குழாயைக் கழுவி மாட்டிவிட்டு, அடியில் உள்ள தரையை அப்படியே விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் புறாக்கூட்டில் தீனித்தட்டைவிடத் தரையைத்தான் நாங்கள் அதிகம் பெருக்குவோம். தண்ணீர்ச் சட்டியைக் காலையும் மாலையும் மாற்றுவோம். என் இளமையில் ஒரு கோடைக்காலத்தில், ஒரு சட்டியை நாள் முழுவதும் மாற்றாமல் விட்டுவிட்டு ஒன்பது குஞ்சுகளைப் பறிகொடுத்தேன். அதன்பின் ஒரு நாளும் தவறியதில்லை.

ஹாரோ வாசகி:

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. நேற்று மாலையே எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். புறாக்குஞ்சுகளைப் பற்றி ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்து, பின்பு தாமே எழுந்து வந்து தண்ணீர்த்தொட்டியைக் கவிழ்த்து வைத்தார். மரமேசையின் வெடிப்புகளுக்குள் பழைய விதை முளைவிட்டுக் கிடந்ததைக் கண்டு வெட்கப்பட்டேன். அந்த மேசையைக் கழுவிப் பயன்படுத்த முடியுமா? மீண்டும் தொடங்கும்போது எப்படித் தொடங்குவது?

லெஸ்டர் கால்நடை மருத்துவர்:

வெடிப்பு விழுந்த மரமேசையைக் கைவிடுங்கள். அதன் இடுக்குகளில் ஈரமும் அழுக்கும் தங்குவதால் எவ்வளவு தேய்த்தாலும் முழுமையாகத் தூய்மையாகாது. குழாய்களை ஒவ்வொரு பகுதியாகக் கழற்றி, முதலில் சவர்க்கார நீரில் அழுக்குப் போகத் தேய்த்துவிட்டு, பிறகு ஒன்பது பங்கு நீருக்கு ஒரு பங்கு வீட்டு உபயோக பிளீச் கலந்த கரைசலில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அழுக்கின்மேல் பிளீச் ஊற்றிப் பயனில்லை என்பதால் இந்த வரிசை முக்கியம். நல்ல நீரில் பலமுறை அலசி, கடைசித் துளி ஈரமும் போகும்வரை வெயிலிலோ காற்றிலோ உலர்த்துங்கள். இந்த ஒட்டுண்ணிக்கு எதிராக உலர்த்துவது கழுவுவதற்கு இணையான வேலையைச் செய்கிறது. இதை வாரம் ஒருமுறையேனும் செய்ய வேண்டும்.

தரையைப் பற்றி மதுரை ஐயா கூறியதை முழுமனதோடு ஏற்கிறேன். சால்மொனெல்லாவாக இருந்தால் எச்சம் படிந்த மண்ணில் அது பல வாரம் உயிரோடு இருக்கக்கூடும். சிதறிய விதையைப் பெருக்கி அகற்றி, குழாயைத் தோட்டத்தின் வேறு மூலையில் மாட்டுங்கள். அதன்பின் மாதந்தோறும் இடம் மாற்றுங்கள். தொடங்கும்போது ஒரே ஒரு குழாய் போதும். அன்றன்று மாலைக்குள் தீர்ந்துவிடும் அளவுக்கு மட்டும் விதை இடுங்கள். மிஞ்சினால் மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற இயலாத நாள்களில் தொட்டி காலியாகவே இருக்கட்டும். அம்மா காலையில் சன்னலோரம் அமர்பவர் என்பதால், உப்பிய இறகோடு அசையாமல் இருக்கும் பறவையை முதலில் காணப் போகிறவர் அவர்தான். அப்படி ஒன்றைக் கண்டதும் யாரையும் கேட்காமல் அன்றே குழாயைக் கழற்றிவிடும்படி அவரிடம் சொல்லி வையுங்கள்.