மறு: சங்கச் செயலிக்குத் தலைக்கட்டுக்கு 1,600 ரூபாய்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

மும்பையில் இருக்கும் நம் ஊர்ச் சங்கத்துக்குச் செயலி செய்யலாம் என்று வெள்ளிக்கிழமை வந்த சுற்றறிக்கையை மூன்று முறை படித்தேன். செயலி செய்ய 3,20,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 57,600, ஆக மொத்தம் 3,77,600. நம் 236 தலைக்கட்டுக்கும், அதாவது குடும்பத்துக்கும், பிரித்தால் 1,600. கணக்கில் தப்பில்லை. கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் இதை எழுதவில்லை. என் பங்கை எடுத்து வைத்தாயிற்று. ஆனால் செய்து முடித்த பிறகு அது யார் பெயரில் இருக்கும் என்று அந்த நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அது தெரியாமல் பணம் கட்ட எனக்குக் கை வரவில்லை. இதே தப்பை நாம் ஒரு தடவை செய்திருக்கிறோம். அன்றைக்குக் காசோலையில் கையெழுத்துப் போட்ட பொருளாளர் நான்.

சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். 2004-இல் சங்கத்தின் பழைய போட்டோக்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு சிடியில் போட்டோம். மொத்தம் 61 படம். முதல் ஆண்டு விழாவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நம் தாத்தாக்கள் நிற்கிற படம் அதில் ஒன்று. மறு ஆண்டு ஜூலை 26 வெள்ளம். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. நம் சால் (வரிசைக் குடியிருப்பு) முழுவதும் இடுப்பளவு தண்ணீர் நின்றது. சங்க அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்களை மூன்றாம் நாள் எடுத்துப் பிரித்தபோது படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிந்தன. சரி, சிடி இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். 2009-இல் 45,000 ரூபாய் கொடுத்து இணையதளம் செய்து 61 படத்தையும் அதில் ஏற்றினோம். சிடி இரண்டும் பிறகு எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கவில்லை.

தளத்தைச் செய்து கொடுத்தவர் அதன் டொமைனை, அதாவது இணைய முகவரியை, தன் பெயரிலேயே பதிந்திருந்தார். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார், போன் எடுப்பதை நிறுத்தினார், புதுப்பிக்கும் பணத்தை யாரும் கட்டவில்லை. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் ஆகிற செலவு அது. வேறு யாரோ அந்தப் பெயரை வாங்கிக்கொண்டார்கள். இன்றைக்கு நம் ஊர்ப் பெயரை அடித்தால் சூதாட்டப் பக்கம் வருகிறது. என் மகள் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடி 9 படங்களை மீட்டாள், எல்லாம் தபால் தலை அளவு. தாத்தாக்கள் நிற்கிற படம் அதில் இல்லை. கூட இருந்த ஊர் வரலாறு பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது. அதைக் கன்வெர்டரில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிவிட்டோம், அது மட்டும் பிழைத்தது.

செய்தவரைக் குற்றம் சொல்லி இப்போது பிரயோஜனமில்லை. கையெழுத்துப் போடும் முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேட்கவில்லை.

அடுத்தது, ஊர்க் கோவில் திருவிழாவான ஆடிக் கொடைக்குப் போன என் தங்கை மகள் பார்த்துவிட்டு வந்து சொன்னது. கோவில் வரி எழுதுகிற மேசையில் நம் மும்பைச் சங்கத்தின் பெயரைப் போட்டு ஒரு க்யூஆர் அட்டை ஒட்டியிருந்தது. ஸ்கேன் செய்தால் சங்கத்தின் பெயர் வரவில்லை, ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. வங்கியில் பதிவான பெயரைத்தான் காட்ட வேண்டும் என்று யுபிஐ நடத்துகிற என்பிசிஐ 2025 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கியதால் இது கண்ணில் பட்டது. அவள் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. விசாரித்ததில் அவர் காசைத் தொடவில்லை என்றும், வந்ததையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார் என்றும் தெரிகிறது. பங்குனியில் வடக்குத்தெரு பெரியப்பா தவறிய பிறகு மூன்று கையெழுத்தில் ஒன்று இல்லாமல் போய், வங்கி நம் கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறது. புதுத் தீர்மானம் கொண்டு வா என்கிறார்கள். நாம் இன்னும் கூட்டமே போடவில்லை. வந்த பணத்தைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் பையன்கள் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனாலும் நம் சங்கம் மகாராஷ்டிர அறக்கட்டளைச் சட்டத்தில் பதிந்தது. ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து சாரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் கொடுக்கிறோம். தனி ஆள் கணக்கில் விழுந்த வரியை அதில் எப்படிக் காட்டுவது? வங்கிக் கணக்கே ஓடாதபோது செயலியில் "பணம் செலுத்து" பொத்தானை வைத்து என்ன செய்வது?

இப்போது சுற்றறிக்கைக்கு வருகிறேன். அதில் 14 வசதிகள் எழுதியிருக்கிறார்கள். கொடை நேரலை, திருமண வரன், வினாடி வினா, செய்தி, இன்னும் என்னென்னவோ. இது நம்மைப் பார்த்து எழுதிய பட்டியலாக எனக்குத் தெரியவில்லை. நேரலைக்கு யூடியூப் இலவசமாகவே இருக்கிறது, போன ஆண்டு வில்லுப்பாட்டை அதில்தானே பார்த்தோம். வரன் பகுதி எனக்குப் பயமாக இருக்கிறது. நம் பெண் பிள்ளைகளின் படமும் ஜாதகமும் போன் நம்பரும் யாருடைய சர்வரில் கிடக்கும்? 2023-இல் தனிநபர் தரவுச் சட்டம் நிறைவேறிவிட்டது, அதன் விதிகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஒருவரின் விவரத்தை வாங்கினால் எதற்காக என்று சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். கல்வி உதவிக்கு நாம் வாங்குகிற மதிப்பெண் பட்டியலும் இதில் அடங்கும்.

நமக்கு உண்மையில் வேண்டியது மூன்றுதான். உறுப்பினர் முகவரிப் பட்டியல், வரி ரசீது, துக்கச் செய்தி. அதிலும் முகவரிதான் அவசரம். தாராவியில் மறுசீரமைப்புக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. நம் ஆட்களில் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். யாருக்கு அங்கேயே வீடு, யார் எந்தப் பக்கம் போவார் என்று யாருக்கும் தெரியாது. இத்தனை நாள் 90 அடி ரோட்டில் ஒருவரிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. இனிமேல் அப்படி இருக்காது.

இந்த மூன்றுக்கும் ஸ்டோரில் போய் இறக்குகிற செயலி தேவையில்லை. போனில் திறக்கிற இணையப் பக்கம் போதும், முகப்புத் திரையில் வைத்துக்கொண்டால் செயலி போலவே இருக்கும். செம்பூரில் ஹவுசிங் சொசைட்டிகளுக்கு இப்படிச் செய்து கொடுக்கிற ஒருவரிடம் கேட்டேன். கணக்குக்கும் ரசீதுக்கும் மும்பையிலேயே உருவான ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற கட்டற்ற மென்பொருளை எடுத்து நமக்கு வேண்டியபடி மாற்றித் தருகிறேன் என்றார். 85,000, ஜிஎஸ்டியோடு 1,00,300. தலைக்கட்டுக்கு 425 ரூபாய்தான் வருகிறது. ஊரில் ஆச்சிமார் படிக்கிற மாதிரி முழுக்கத் தமிழில் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சுற்றறிக்கைக்காரர்கள் காட்டிய மாதிரிப் படத்தில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை.

செயலிதான் வேண்டும் என்று கூட்டத்தில் முடிவானால் அதற்கும் கட்டுப்படுகிறேன். ஆனால் கூகுள் பிளே கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். ஒரு தடவை 25 டாலர்தான். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். அமைப்பின் பெயரில் திறக்க டன்ஸ் என்கிற நிறுவன அடையாள எண் கேட்பார்கள், அதற்குக் கொஞ்சம் அலைய வேண்டும், அதனால் "என் பெயரிலேயே போட்டுவிடுகிறேன்" என்று செய்பவர் சொல்வார். ஒத்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்று, கூகுள் ஆண்டுதோறும் புது ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப மாற்றச் சொல்லும். மாற்றாமல் விட்டால் புதுப் போன் வாங்குகிறவர்களுக்குக் காலப்போக்கில் நம் செயலி ஸ்டோரில் தென்படாது. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் "இரண்டாம் ஆண்டிலிருந்து பராமரிப்பு 15 சதவீதம்" என்று இருக்கிறதே, அது இதற்குத்தான். ஆண்டுக்கு 48,000. நம் ஆண்டுச் சந்தா வரவு எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும்.

செயலிக்காக எழுதுகிற நிரலையும் மறக்கக் கூடாது. காசு கொடுத்துச் செய்யச் சொன்னதாலேயே அது நமக்குச் சொந்தமாகிவிடாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவருக்கே முதல் உரிமை. நம்மிடம் சம்பளத்துக்கு இருப்பவர் எழுதினால்தான் நம்முடையது. ஒப்பந்தத்துக்குச் செய்பவர் எழுத்தில் உரிமையை மாற்றிக் கொடுக்க வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். இரண்டே வரி, கையெழுத்துப் போடும் முன் எழுதி வாங்க வேண்டும். டொமைன், சர்வர், ஸ்டோர் கணக்கு எல்லாவற்றின் கடவுச்சொல்லும் சங்க மின்னஞ்சலில், மூன்று பேர் கையில். கடைசித் தவணை 30 சதவீதம் இதெல்லாம் வந்து சேர்ந்த பிறகு.

சிங்கப்பூர் சித்தப்பா வருத்தப்படக் கூடாது. அவர் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர், அதனால் அவர் தருவது 2010 சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க எஃப்சிஆர்ஏ என்கிற அந்தச் சட்டத்தில் பதிவு வேண்டும், நம் சங்கத்துக்கு அது கிடையாது. துபாய் மச்சானிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். எல்லா நாட்டுக் கார்டையும் வாங்குகிற பொத்தானை வைத்தால் இது யாருக்குத் தெரியப் போகிறது? அப்புறம் பதில் சொல்ல வேண்டியது சங்கம்.

அன்புடன்,
தெற்குத்தெரு, சயான் கோலிவாடா

—

அனுப்பியவர்: முலுண்டு பெரியப்பா

தம்பி எழுதியது நியாயம். ஆனால் அதற்கு முன்னால் எனக்கு ஒரு பதில் வேண்டும். கோவில் சுவர் கட்டிய ஆண்டு மிச்சம் 41,350 ரூபாய் என்று நான் என் கையால் எழுதி ஒப்படைத்தேன். அடுத்த ஆண்டு வரவு செலவில் தொடக்க இருப்பு 14,350 என்று இருக்கிறது. 27,000 எங்கே? கேட்டால் "எழுத்துப் பிழை, அண்ணாச்சி" என்கிறார்கள். எழுத்துப் பிழை என்றால் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அது வரைக்கும் 1,600-ம் கிடையாது, 425-ம் கிடையாது.

—

அனுப்பியவர்: துபாய்

அத்தான், நீங்கள் கணக்கும் சட்டமும் எழுதுகிறீர்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். எனக்கு அதில் மனம் போகவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் கொடையில் தங்கள் ஊர்ச் செயலியை என் மகனிடம் திறந்து காட்டினார்கள். "நம்ம ஊருக்கு ஒன்றும் இல்லையா அப்பா" என்று கேட்டான். நமக்கு முன்னால் பம்பாய்க்கு வந்தவர்களா அவர்கள்? தோல் ஷாப்பில் நின்று நம் தாத்தாக்கள் சம்பாதித்து அனுப்பிய பணத்தில்தான் அவர்கள் ஊர்க் கிணறே தோண்டியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இத்தனை நாள் சொல்லவில்லை. அப்பா கோலிவாடாவில் இறந்தபோது எனக்குச் செய்தி வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. சங்கப் பதிவேட்டில் இருந்தது என் பழைய நம்பர். நான் மாற்றி மெயில் போட்டிருந்தேன். யாரும் எழுதவில்லை. வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. 3,77,600 ரூபாய் உங்களுக்குப் பெரிய பணமாகத் தெரிகிறது.

—

அனுப்பியவர்: தெற்குத்தெரு, சயான் கோலிவாடா

மச்சான், அந்தப் பதிவேடு அப்போது என்னிடம்தான் இருந்தது. உன் மெயிலைப் பார்த்தேன். சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம் என்று வைத்தேன், எழுதவில்லை. மாமாவைத் தூக்கிய அன்று உன் பழைய நம்பரைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தவனும் நான்தான். உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

அதனால்தான் 14 வசதியை விட்டுவிட்டு முகவரிப் பட்டியலை முதலில் கேட்கிறேன். நம்பர் மாறினால் அவரவரே தன் போனிலிருந்து மாற்ற வேண்டும், என்னை மாதிரி ஒருவன் சாயங்காலம் எழுதுவதற்காகக் காத்திருக்கக் கூடாது. துக்கச் செய்தி போட்டால் பார்த்தவர் யார், பார்க்காதவர் யார் என்று தெரிய வேண்டும். பார்க்காதவரை இன்னொருவர் கூப்பிட வேண்டும். செம்பூர்க்காரரிடம் இதை அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பெரியப்பா, அந்த ஆண்டுப் பேரேடு என் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஞாயிறு காலை 10 மணிக்குக் கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன், எல்லார் முன்னாலும் பார்ப்போம். புதுக் கையெழுத்துக்கான தீர்மானத்தையும் அன்றைக்கே போட்டு வங்கிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மச்சான், உன் இரண்டு நம்பரையும், அங்கே உன் ரூம் நண்பரின் நம்பரையும் எனக்கு அனுப்பு. இன்றைக்கே எழுதி, எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன்.