கேபின் இடது பக்கம் சாயுது, பிரேக் போட்டா "டொக்"னு சத்தம்: செகண்ட்ஸ் டிரெய்லர் வண்டி, உதவி வேணும்

சங்ககிரி டிரெய்லர்:
வணக்கமுங்க. ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரு டிரெய்லர் வண்டி செகண்ட்ஸ்ல எடுத்தோம். படுக்கை வெச்ச ஸ்லீப்பர் கேபின். கேபினைத் தாங்க முன்னாடி ரெண்டு பக்கமும் காயில் ஸ்பிரிங், பின்னாடி ரெண்டு பக்கமும் காற்று நிரம்பற ரப்பர் ஏர் பலூன். சேலத்துல இருந்து ஒசூருக்கு இரும்பு லோடு, அண்ணன்தான் ஓட்டறார்.

காலையில வண்டிகிட்ட போனா கேபினோட இடது பின்பக்கம் இறங்கி உட்கார்ந்திருக்கு. என்ஜின் ஓடி ஏர் ஏறினதும் வலது பக்கம் எழும்புது, இடது பாதியோட நின்னுக்குது. பாலத்து ஜாயின்ட்ல ஏறினா வெறும் பலகை மேல உட்கார்ந்த மாதிரி முதுகுத்தண்டுல இடிக்குது. இது போக, ஒசூர்ல இருந்து திரும்பறப்போ தொப்பூர் இறக்கத்துல பிரேக் மிதிச்சா காலுக்குக் கீழே "டொக்"னு ஒரு சத்தம்.

கேபின் பின்பக்க ஷாக் அப்சார்பர் ரெண்டும் புதுசு போட்டாச்சு. டிரைவர் சீட்டும் புதுசு. ஒரு வித்தியாசமும் இல்லை. இப்போ ரெண்டு பலூனையும் மாத்தணும்னு சொல்றாங்க. அண்ணனுக்கு ராத்திரி முதுகு வலியில தூக்கமே இல்லைங்க. பலூன் மாத்தினா தீருமா?

ஏர் ஃபிட்டர், நாமக்கல்:
தம்பி, பலூன் இப்போ வாங்காதீங்க. முதல்ல ஒண்ணு பாத்துச் சொல்லுங்க: கேபின் பின்னாடி, உயரத்துக்குத் தகுந்த மாதிரி பலூனுக்குக் காற்று விடற லெவல் வால்வு ஒண்ணா, ரெண்டா?

ஏன் கேக்கறேன்னா, ஒரே வால்வுல இருந்து ரெண்டு பலூனுக்கும் பைப் போயிருந்தா காற்று ரெண்டு பக்கமும் சமமாத்தான் நிக்கும். ஒரு பக்கம் லீக் ஆனாலும் ரெண்டும் சேர்ந்துதான் இறங்கும். அப்படி இருந்தும் ஒரு பக்கம் மட்டும் சாயுதுன்னா கோளாறு காற்றுல இல்லை. முன் ஸ்பிரிங் உடைஞ்சிருக்கும், கேபின் ஒரு பக்கமா சாயாம பிடிக்கற டார்ஷன் பார் கம்பியோட ரப்பர் புஷ் போயிருக்கும், இல்ல பிராக்கெட் வளைஞ்சிருக்கும். பக்கத்துக்கு ஒரு வால்வு இருந்தா கதையே வேற.

வண்டியைச் சமதளத்துல நிறுத்தி, கேஜ்ல எட்டு கிலோ ஏர் பிரஷர் வந்ததும் கேபின் அடிச்சட்டத்துக்கும் சேஸுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் டேப் வெச்சு அளந்து போடுங்க. கண்ணளவு வேண்டாம்.

26 வருஷ ஓட்டுநர்:
தம்பி, அண்ணனோட முதுகைப் பத்திக் கேட்டதும் மனசு கஷ்டமா இருக்கு. நான் ஓட்ட வந்த புதுசுல கேபின் இல்லாத கவுல் சேஸ் எடுத்து திருச்செங்கோட்டுல மரக் கேபின் கட்டி, நேரா சேஸ் மேலேயே போல்ட் போட்டு இறுக்குவாங்க. பட்டா ஸ்பிரிங்கும் டயரும் தாங்கினதுதான், மீதி எல்லாம் நம்ம இடுப்புக்கு. இப்போ பலூன் வெச்ச கேபின் இருந்தும் இப்படி இடிபட வேண்டியதில்லை.

என்ஜின் வேலைக்குக் கேபினை முன்னாடி சாய்ச்சுத் தூக்கற பம்புல லிவர் எந்த நிலையில இருக்குன்னு பாருங்க. கேபினை இறக்கினதும் அதை ஓட்டற பக்கம் திருப்பி வைக்கணும். தூக்கற பக்கமே விட்டுட்டா சிலிண்டர்ல ஆயில் அடைபட்டு நிக்கும், கேபின் மேலும் கீழும் ஆட வழியே இல்லாம போயிடும். புது ஷாக், புது சீட்டு எது போட்டாலும் பலகை மாதிரிதான் இருக்கும். எனக்கு ஒரு தடவை ரெண்டு நாள் அப்படி ஓடியிருக்கு.

பட்டறை, சேலம்:
பிரேக் சத்தத்துக்கு நான் சொல்றேன். பலூனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்காது. கேபின் முன்பக்கம் கீல் மாதிரி திரும்புற போல்ட் இருக்கும், அதோட ரப்பர் புஷ்ஷைப் பாருங்க. போல்ட்டைச் சுத்தி செம்மண் தூவின மாதிரி துருப்பொடி இருந்தா உள்ளே இரும்பும் இரும்பும் தேயுதுன்னு அர்த்தம். கடப்பாரையைக் கொடுத்து லேசா நெம்பினாலே ஆட்டம் தெரிஞ்சிடும்.

ஒரு வேண்டுகோள். கேபினைப் பாதி தூக்கி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துட்டு யாரும் உள்ளே கை விட வேண்டாம். அப்படி இறங்கின கேபினுக்கு அடியில சிக்கின பையனைத் தூக்கி வெளியே எடுத்தவங்கள்ல நானும் ஒருத்தன். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல், படுக்கையில இருக்கற சாமான் எல்லாம் வெளியே. அப்புறம் முழுசாத் தூக்கி, லாக் விழுந்ததைக் கண்ணால பாத்துட்டு வேலை செய்யுங்க.

சங்ககிரி டிரெய்லர்:
எல்லாருக்கும் நன்றிங்க. இன்னைக்கு லோடு இல்லை, நானும் அண்ணனும் சேர்ந்து பாத்தோம். வால்வு ரெண்டு இருக்கு. வலது 12 செ.மீ., இடது 9 செ.மீ. லிவர் சரியாத்தான் இருக்கு. புஷ்ஷுக்குக் கேபினைத் தூக்கணும், அதை நாளைக்குப் பட்டறையில பாக்கறோம்.

இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. வலது வால்வைத் திருப்பற கையில இருந்து கேபினுக்கு ரெண்டு முனையிலும் பந்து வெச்ச ஒரு ராடு போகுது. இடது பக்கம் அந்த ராடே இல்லை, கட்டுக்கம்பியை ரெண்டா மடிச்சு முறுக்கிக் கட்டியிருக்கு. முன்னாடி வெச்சிருந்தவங்க காலத்து வேலை போல, கம்பி கறுத்துப் போயிருக்கு.

ஏர் ஃபிட்டர், நாமக்கல்:
பிடிச்சிட்டீங்க தம்பி! உங்க வண்டியில வால்வு சேஸ் மேல இருக்கு. கேபின் இறங்கும்போது ராடு வால்வு கையைக் கீழே தள்ளணும், அப்போதான் பலூனுக்குக் காற்று போகும். கேபின் ஏறினா கையை மேலே இழுக்கணும், காற்று வெளியே போகும். கம்பி நல்லா இழுக்கும், ஆனா வளைஞ்சுக்கறதால சரியாத் தள்ளாது. அதனால காற்றை வெளியே விடற வேலை மட்டும் ஒழுங்கா நடந்திருக்கு, ஏத்தற வேலை பாதிதான் நடந்திருக்கு. பலூன் பாதி காற்றுல நின்னு, ஒவ்வொரு குழியிலும் உள்ளே இருக்கற ரப்பர் கட்டையில போய் முட்டுது. உங்க புது ஷாக்கும் அந்த உயரத்துல என்ன செய்யும்?

வால்வு நல்லா இருக்கான்னு பாக்க, கம்பியைக் கழட்டிட்டு கையைக் கீழே அழுத்துங்க, கேபின் எழும்பணும். மேலே தூக்கினா "புஸ்"னு இறங்கணும். நடுவுல விட்டா சத்தமே இருக்கக் கூடாது. இறக்கும்போது கேபினுக்கும் சேஸுக்கும் நடுவுல தலை, கை எதுவும் இருக்க வேண்டாம்.

ராத்திரி இறங்கறது தனி லீக். என்ஜினை நிறுத்திட்டு பலூன் மடிப்பு, பைப் சேர்ற யூனியன், பைப் முழுக்க சோப்புத் தண்ணி அடிங்க. பைப் எங்கே எதோட உரசுதோ அங்கே ரெண்டு தடவை பாருங்க. ஏர் டேங்க்ல தண்ணி, எண்ணெய் வந்தா காற்றுல இருக்கற ஈரத்தைப் பிடிக்கற டிரையர் கேட்ரிஜையும் மாத்திடுங்க, இல்லாட்டி புது வால்வும் பிசுபிசுத்துப் போகும்.

சங்ககிரி டிரெய்லர்:
மூணு நாள் கழிச்சு எழுதறேன். வால்வு நல்லா இருக்கு. இடது பைப் கேபின் லாக் பிராக்கெட்ல உரசி, ஊசி முனை அளவுக்கு ஓட்டை. சோப்பு நுரை அங்கேதான் கொப்பளிச்சது. பலூன் ரெண்டும் பழசுதான், ஆனா வெடிப்பு இல்லை, மாத்தலை. ராடும் ஒரு முழம் பைப்பும் வாங்கிப் போட்டோம். இப்போ ரெண்டு பக்கமும் 12 செ.மீ., காலையிலயும் அப்படியே நிக்குது.

சேலம் பட்டறை அண்ணன் சொன்ன மாதிரியே இடது முன் புஷ்ஷுல துருப்பொடி. ரப்பர் ஒரு பக்கமா பிதுங்கி, ஓட்டை முட்டை மாதிரி ஆகிக் கிடந்தது. ரெண்டு பக்கமும் மாத்தியாச்சு. நேத்து அண்ணன் தொப்பூர்ல இறங்கிட்டு போன் பண்ணி, "சத்தம் இல்லடா"ன்னு சொன்னார். பலமா காத்து வீசற இடத்துல கேபின் கொஞ்சம் பக்கவாட்டுல அசையுதாம், அது மட்டும் பாக்கி.

பட்டறை, சேலம்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. பின்னாடி குறுக்கே ஒரு ராடு கேபினையும் சேஸையும் பிடிச்சிருக்கும், அதோட புஷ்ஷைப் பாருங்க, அசைவு அங்கேதான் இருக்கும். முன் புஷ் போல்ட்டைக் கேபினைத் தூக்கி வெச்சே இறுக்கியிருந்தா தளர்த்திட்டு, கேபினை இறக்கி, ஏர் முழுசா ஏறி ஓட்டற உயரத்துக்கு வந்தப்புறம் இறுக்குங்க. இல்லாட்டி புது ரப்பர் முறுக்கிக்கிட்டே நின்னு சீக்கிரம் கிழியும். அடுத்த லோடு முடிஞ்சு வந்ததும் எல்லா போல்ட்டுக்கும் ஒரு தடவை ஸ்பேனர் வெச்சுப் பாத்துடுங்க.