நெ வின் ஆட்சில எங்க வீட்டுக்கு நடந்தது, உங்க வீட்டுக் கதையும் சொல்லுங்க

குன்னூர்க்காரன்:
எங்க அய்யா ரங்கூன்ல மளிகைக் கடை வச்சிருந்தவரு. 1962 மார்ச் 2 விடிகாலைல தளபதி நெ வின்னோட பட்டாளம் எறங்கி பர்மா பிரதமர் ஊ நூவ பிடிச்சுட்டு போனப்ப அவங்க தெருவுல யாரும் பெருசா பயப்படலயாம், ஏன்னா இதே நெ வின் 1958ல ஆட்சிய கைல வாங்கி 1960ல எலக்சன் வச்சு ஒழுங்கா திருப்பிக் குடுத்துட்டு போன ஆளு, இந்த வாட்டியும் ரெண்டு வருஷந்தானேன்னு இருந்துட்டாங்க. ஜூலைல யூனிவர்சிட்டி பசங்கள சுட்டு, மறுநாளே அவங்க யூனியன் கட்டடத்த வெடி வச்சு தகர்த்தப்பதான் வயித்துல புளி கரைச்சுச்சாம்.

1964ல கடை போச்சு. சாமான எண்ணி எழுதிக்கிட்டு, போர்ட கழட்டிட்டு நம்பர் போட்டு மக்கள் கடைன்னு ஆக்கிட்டாங்க. மே மாசம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது. ஹார்பர்ல நகையவும் வாங்கிக்கிட்டாங்க, அப்பத்தா காது தூந்துடக் கூடாதுன்னு வெளக்கமாத்துல ரெண்டு ஈர்க்குச்சி ஒடிச்சு சொருகிக்கிட்டு கப்பல் ஏறுச்சு. இங்க வந்து கம்மல் வாங்க ஆறு வருஷம் ஆச்சு.

2016 நவம்பர்ல டிவில 500, 1000 செல்லாதுன்னதும் அப்பத்தா காத ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு "எப்படா கப்பலு?"ன்னு கேட்டுச்சு. நாங்க சிரிச்சோம், அது சிரிக்கல.

பந்தலூர் பொண்ணு:
அண்ணா, நாங்க சிலோன் ஆளுங்க, அம்மா இங்க வந்து டான்டீல, அதாவது தமிழ்நாடு சர்க்கார் தேயிலைத் தோட்டத்துல, கொழுந்து பறிச்சவங்க. அங்கயும் 1962 ஜனவரில ஆபீசருங்க சேந்து ஆட்சிய பிடிக்க பாத்து அன்னிக்கு ராத்திரியே மாட்டிக்கிட்டாங்க, அதனால சர்வாதிகாரின்னு யாரும் வரல. ஆனா எங்கள அனுப்புன ஒப்பந்தம் அதே 1964 அக்டோபர்ல, ஓட்டு வாங்கி வந்த சர்க்கார் போட்டதுதான். 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கணும்னு கணக்கு. எங்க ஆளுங்க ஓட்டுதான் அதுக்கு முன்னாடியே புடுங்கியாச்சே.

குன்னூர்க்காரன்:
அதுவும் சரிதான்மா. 1987ல நெ வின் மறுபடி நோட்ட செல்லாதுன்னுட்டு, 9 ராசியான நம்பர்னு 45, 90 கியாட்ல புது நோட்டு அடிச்சாரு. அய்யா பேப்பர்ல பாத்துட்டு சொன்னது: "கடைய புடுங்குனது நல்லதாப் போச்சு, இல்லன்னா சில்லறை குடுத்தே செத்துருப்பேன்."