மைன்கிராஃப்ட்: ஓரிடத்தில் சரியாக இயங்கும் ரெட்ஸ்டோன் மடை, நகலெடுத்து வைத்த இடத்தில் ஏன் இயங்குவதில்லை?

குலசேகரம் மாணவன்:

அனைவருக்கும் வணக்கம். நானும் நண்பர்களும், கட்டங்களை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டின் கணினிக்கான ஜாவா பதிப்பில் மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் அதன் வழியே செல்லும் பட்டணம்கால் கால்வாயையும் கட்டி வருகிறோம். ஒரு கட்டத்தை ஒரு மீட்டராகக் கொண்டிருப்பதால், 115 அடி வரை உயரும் தூண்கள் எங்கள் உலகில் 35 கட்ட உயரத்துக்கு நிற்கின்றன. 28 தூண்களும் எழும்பிவிட்டன. இப்போது கால்வாயிலிருந்து வயலுக்கும் தோப்புக்கும் தண்ணீர் பிரியும் இடங்களில் மடைகள் வைக்கிறோம்.

ஒவ்வொரு மடையிலும் இரண்டு ஒட்டும் பிஸ்டன்கள் (ஆற்றல் வந்தால் நீண்டு கட்டத்தைத் தள்ளி, ஆற்றல் போனால் அதை இழுத்துக்கொண்டு திரும்பும் உறுப்புகள்) உண்டு. மேலே உள்ளது கல் பலகையை ஒரு கட்டம் கீழே இறக்க வேண்டும். பக்கத்தில் உள்ளது அந்தப் பலகையை மடையின் வாய்க்குள் தள்ள வேண்டும். இரண்டுக்கும், மின்கம்பியைப் போல ஆற்றலைக் கடத்தும் ஒரே ரெட்ஸ்டோன் தூள் தடத்திலிருந்துதான் ஆற்றல் செல்கிறது. முதலில் கட்டிய மடை ஒரு முறைகூடத் தவறாமல் மூடியது. அதையே, கட்டிய அமைப்பை நகலெடுக்க உதவும் ஸ்ட்ரக்சர் பிளாக் கொண்டு நகலெடுத்துக் கால்வாயின் வேறு இடங்களில் வைத்தபோது, சிலவற்றில் பக்கத்துப் பிஸ்டன் முந்திக்கொண்டு நீள்கிறது. பலகை இறங்க இடமில்லாமல் மேலேயே நின்றுவிடுகிறது.

இடையில் விளையாட்டைப் புதுப்பித்தோம். அதுதான் காரணம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இயங்கிக்கொண்டிருக்கும் பொறியமைப்பை உருவாக்குநர்கள் எதற்காக மாற்றுகிறார்கள், எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பார்வதிபுரத்தார்:

தம்பி, உங்கள் மடை நின்றதற்குப் புதுப்பிப்பு காரணமாக இருக்க வாய்ப்பில்லை. நீங்கள் சந்தித்திருப்பது ஜாவா பதிப்பில் பல ஆண்டுகளாகவே இருந்துவரும் ஓர் இயல்பு.

விளையாட்டு ஒரு நொடிக்கு 20 டிக் என்ற வேகத்தில் ஓடுகிறது; டிக் என்பது அதன் மிகச் சிறிய காலத் துண்டு. ஒரே டிக்குக்குள் நடக்கும் வேலைகள் நம் கண்ணுக்கு ஒரே நேரத்தில் நடப்பதாகத் தோன்றினாலும், உள்ளே அவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கின்றன. ரெட்ஸ்டோன் தூளின் வலிமை மாறும்போது அது தன்னைச் சுற்றியுள்ள கட்டங்களுக்குச் செய்தி அனுப்புகிறது. எந்தக் கட்டத்துக்கு முதலில் செய்தி போகும் என்பதை, அந்தத் தூள் உலகில் இருக்கும் இடத்தின் எண்களைக் கொண்டு கணக்கிடும் ஒரு பட்டியல்தான் தீர்மானிக்கிறது. இதனால் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு சுற்றுகள், வேறு வேறு இடத்தில் இருப்பதாலேயே வேறு வேறு வரிசையில் இயங்கக்கூடும். உங்கள் முதல் மடை அமைந்த இடத்தில் மேல் பிஸ்டனுக்கு முதல் செய்தி போனது. நகலெடுத்த இடங்களில் அது மாறியிருக்கிறது.

இது பிழைதானே, திருத்திவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். மென்பொருள் சோதனைப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பயனாளர்கள் பழகிவிட்ட ஒரு பிழையைத் திருத்துவதைப் போலக் கடினமான வேலை வேறில்லை. ஜாவா பதிப்பில் பிஸ்டனுக்கு மேலே உள்ள கட்டத்தில் ஆற்றல் இருந்தாலே பிஸ்டன் இயங்கிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2011-இல் பிஸ்டன் வந்த காலத்து நிரலிலிருந்து தங்கிவிட்ட விசித்திரம் அது. பலர் அதைப் பிழை என்று புகார் செய்தபோதும், அதை நம்பி எழுப்பப்பட்ட கதவுகளும் இயந்திரங்களும் ஏராளமாக இருந்ததால், அது எண்ணியபடியே இயங்குகிறது என்று குறித்து, விளையாட்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனம் அந்தப் புகாரை முடித்தது. கைபேசி, கன்சோல்களிலும் ஓடும் பெட்ராக் பதிப்பில் அந்த இயல்பு இல்லை. ஒரு பதிப்பில் கட்டியது மற்றதில் இயங்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேறொரு வழியும் உண்டு. அருகிலுள்ள கட்டத்தில் மாற்றம் நிகழ்வதை உணரும் கருவியை, பிஸ்டனின் இதே விசித்திரத்தைப் பயன்படுத்தி ஆட்டக்காரர்களே நெடுங்காலம் செய்து வந்தார்கள். அந்தத் தேவையை உணர்ந்த உருவாக்குநர்கள், ஜாவா பதிப்பில் 2016 நவம்பரில் அப்சர்வர் என்ற கட்டத்தையே கொடுத்துவிட்டார்கள். பிழையைப் பறிக்காமல், அதன் வேலையைத் தெளிவாகச் செய்யும் உறுப்பை அருகில் வைப்பதுதான் என் பார்வையில் மிகச் சிறந்த முறை. எல்லாவற்றுக்கும் இந்தச் சலுகை கிடைப்பதில்லை. கரும்பு போன்ற பயிர்களை மிகக் குறுகிய ஆற்றல் துடிப்புகளால் வளரவைத்த பண்ணைகள் 2020-இல் வந்த 1.16 பதிப்போடு நின்றுபோயின.

உங்கள் சிக்கலுக்கு நேரடியாகத் தொடர்புடைய மாற்றம் 2024 ஆகஸ்டில் ஒரு ஸ்னாப்ஷாட்டில், அதாவது முழு வெளியீட்டுக்கு முன் வரும் சோதனைப் பதிப்பில், வந்தது. அதில் ரெட்ஸ்டோன் சோதனைகள் என்ற தனி விருப்பத்தைச் சேர்த்தார்கள். அதைத் தேர்ந்தெடுத்து உலகை உருவாக்கினால், தூளின் புதுப்பிப்பு ஆற்றல் மூலத்துக்கு அருகில் தொடங்கி வெளிநோக்கிச் செல்லும். தேவையற்ற செய்திகளும் குறையும். அதை எல்லோர் உலகிலும் ஒரே நாளில் திணிக்காமல், விரும்புவோர் மட்டும் முயன்று பார்க்கும்படி வைத்ததைப் பாராட்டுகிறேன். பழைய உலகங்கள் பழைய வரிசையிலேயே ஓடுகின்றன.

ஆனால் உங்கள் மடைக்கு அந்த விருப்பத்தை நாட வேண்டாம். பக்கத்துப் பிஸ்டனுக்குப் போகும் தடத்தில், ஆற்றலைத் தாமதித்து அனுப்பும் ஒரு ரிப்பீட்டரை வைத்து, அதை 2-ஆம் நிலைக்குக் கொண்டுபோங்கள். அது 0.2 நொடித் தாமதம் தரும். பலகை இறங்கி முடிய அது போதும். வரிசை முக்கியம் என்றால் அந்த வரிசையை நீங்களே தடத்தில் எழுதிவிட வேண்டும், தூளின் பொறுப்பில் விடக் கூடாது.

மார்த்தாண்டம் ஆசிரியர்:

மேலே சொன்ன விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் உருவாக்குநர்களின் அணுகுமுறை எப்போதும் இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

2023 அக்டோபரில் ஸ்னாப்ஷாட்டில் வந்த செம்பு விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். துடிப்பு வரும்போதெல்லாம் ஒளிர்வதும் அணைவதுமாக மாறும் அந்தக் கட்டத்துக்கு, முதலில் ஒரு டிக் தாமதம் இருந்தது. ரிப்பீட்டரின் மிகக் குறைந்த தாமதமே இரண்டு டிக் என்பதால், ஒற்றை டிக் தாமதத்தை அவ்வளவு எளிதாகத் தரும் உறுப்பு கிடைத்ததில் சுற்று அமைப்பவர்கள் பெரிதும் மகிழ்ந்தார்கள். பிறகு வந்த ஸ்னாப்ஷாட்டில் அந்தத் தாமதம் நீக்கப்பட்டது. 2024 ஜூனில் 1.21 பதிப்பு வெளியானபோதும் அது திரும்பவில்லை. ஸ்னாப்ஷாட் என்பது வாக்குறுதி அல்ல என்பது உண்மைதான். இருந்தாலும் எவருடைய பழைய உலகையும் கெடுக்காமல் புதிதாக ஒரு வசதி கிடைத்திருந்தது. அதை விளக்கிலேயே விட்டுவைத்திருக்கலாம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதே 1.21-இல் வந்த கிராஃப்டர் கட்டத்தை நன்றாகச் சிந்தித்திருந்தார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பொருளைச் செய்து வெளியே தள்ளும் அந்தக் கட்டத்தில், வேண்டாத அறைகளை நாமே அடைத்துவைக்கலாம். உள்ளிருப்பை அளந்து ஆற்றலாகச் சொல்லும் கம்பேரேட்டரை அருகில் வைத்தால், நிரம்பிய அறைகளையும் அடைத்த அறைகளையும் சேர்த்து எண்ணி, 9 வரையிலான வலிமையில் சொல்லிவிடும். பழைய உறுப்புகளின் இயல்பைத் தொடாமல் அவற்றோடு பேசத் தெரிந்த புதிய உறுப்பு அது.

மாணவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். மோஜாங் தன் இயக்கவிதிகளைச் சரிபார்க்க விளையாட்டுக்குள்ளேயே சிறிய அமைப்புகளைக் கட்டி, அவை எதிர்பார்த்தபடி முடிகின்றனவா என்று தானாகச் சோதிக்கும் முறையை வைத்திருக்கிறது. அதற்கான சோதனைக் கட்டங்கள் 2025 மார்ச்சில் வந்த 1.21.5 முதல் நம் கைக்கும் கிடைத்துள்ளன. உங்கள் மடையை அப்படிச் சோதனையாக்கி வைத்தால், ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் எது நின்றது என்பதை உடனே அறியலாம்.

குலசேகரம் மாணவன்:

அண்ணாச்சிக்கும் ஆசிரியர் ஐயாவுக்கும் நன்றி. ரிப்பீட்டரை 2-இல் வைத்ததும் எல்லா மடைகளும் மூடுகின்றன. ஆனால் நெம்புகோலைத் திருப்பித் திறக்கும்போது, பக்கத்துப் பிஸ்டன் பலகையை வாயிலிருந்து இழுத்துவிடுகிறது. மேல் பிஸ்டன் அதற்கு முன்பே வெறுங்கையோடு ஏறிவிடுவதால் பலகை மூலையிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த முறை மூடினால் சரியாக இயங்குவதில்லை.

பார்வதிபுரத்தார்:

எதிர்பார்த்ததுதான் தம்பி. ரிப்பீட்டர் ஆற்றல் வருவதைத் தாமதிப்பதைப் போலவே போவதையும் தாமதிக்கும். மூடும்போது மேல் பிஸ்டன் முதலில் இயங்க வேண்டும். திறக்கும்போது அது கடைசியில் திரும்ப வேண்டும். எனவே மேல் பிஸ்டனுக்கு இரண்டு வழிகளில் ஆற்றல் கொடுங்கள்: ஒன்று இப்போதுள்ள நேரடித் தூள் தடம், மற்றொன்று அதிலிருந்தே பிரிந்து 4-ஆம் நிலையில் உள்ள ரிப்பீட்டர் வழியாக வந்து சேரும் தடம். இரண்டும் பிஸ்டனைத் தனித்தனியே தொட வேண்டும். ரிப்பீட்டரின் வெளியீடு நேரடித் தடத்தோடு கலந்தால், அதுவே தன்னை ஊட்டிக்கொண்டு அணையாமல் நின்றுவிடும்.

இப்படிச் செய்தால் மூடும்போது நேரடித் தடம் மேல் பிஸ்டனை உடனே இயக்கும். திறக்கும்போது ரிப்பீட்டர் இன்னும் 0.4 நொடி அதைப் பிடித்துவைக்கும். அதற்குள் பக்கத்துப் பிஸ்டன் பலகையைக் கொண்டுவந்து சேர்த்துவிடும், மேல் பிஸ்டன் அதை எடுத்துக்கொண்டு ஏறும்.

எங்காவது இடறினால், டிக் கட்டளையால் உலகை நிறுத்தி ஒவ்வொரு டிக்காக நகர்த்திப் பாருங்கள். 1.20.3 முதல் அந்த வசதி இருக்கிறது. எந்த டிக்கில் எந்தப் பிஸ்டன் நகர்கிறது என்பதைக் குறித்து இங்கே இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.