1889இல் கொழும்பில் பேஸ்போல் ஆடினவையோ? பழைய ஆட்டங்கள் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

கேள்வி (கொட்டாஞ்சேனையிலிருந்து)

வணக்கம். பள்ளிக்கூடத்தில பெண்பிள்ளைகளுக்கு ஒரு வருசமா பேஸ்போல் பழக்கிறன். எங்கட மைதானம் சின்னது, பந்து மதில் தாண்டினால் ஒழுங்கைக்குள்ள ஓடித் தேடோணும். போன கிழமை தியகமவில கடைசி இன்னிங்ஸ் வரைக்கும் முன்னுக்கு நிண்டு தோத்திட்டம். திரும்பி வரேக்க பஸ்ஸில ஒருத்தரும் கதைக்கேல்ல. பந்து வீசின பிள்ளை மட்டும், “மிஸ், இது அமெரிக்காக்காரற்ற விளையாட்டு, எங்களுக்குச் சரிவராது” எண்டாள். அது மனசைக் குடையுது. அமெரிக்க வீரர்கள் அந்தக் காலத்தில இஞ்ச வந்து ஆடினவை எண்டு கேள்விப்பட்டன். உண்மையோ? பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய பழைய ஆட்டம் ஏதும் இருக்கோ?

பதில் (வெள்ளவத்தையிலிருந்து)

ஓம் தங்கச்சி, உண்மைதான். 1889 ஜனவரி 26, கொழும்பு. சிக்காகோ அணியும் ‘ஒல் அமெரிக்கா’ அணியும் அஞ்சு இன்னிங்ஸ் ஆடி 3-3 எண்டு சமன். ஸ்போல்டிங் எண்ட முன்னாள் பந்துவீச்சாளர் ரெண்டு அணியையும் உலகம் சுத்தக் கூட்டிக்கொண்டு போனவர். அவுஸ்திரேலியாவிலயிருந்து சுயெஸ் போற கப்பலுக்கு எங்கட துறைமுகம் வழியில தானே. ரெண்டு கிழமையால எகிப்தில பிரமிட்டுக்குப் பக்கத்தில ஆடினவை.

ஆனா தோத்து வந்த பிள்ளைகளுக்கு நான் முதல் சொல்லுறது 1870 ஜூன் 14, புரூக்ளின் ஆட்டம். நான் இளைப்பாறின உடற்பயிற்சி ஆசிரியன். எல்லே (எங்கட நாட்டுத் துடுப்பு-பந்து ஆட்டம்) அணிகள் தோக்கிற நாளெல்லாம் இந்தக் கதையைத்தான் சொன்னனான்.

சின்சினாட்டி ரெட் ஸ்டொக்கிங்ஸ் தான் வெளிப்படையாச் சம்பளம் குடுத்த முதல் அணி. 1869இல 57 வெற்றி, தோல்வியே இல்லை. அணியை நடத்தின ஹரி ரைட் ஷெஃபீல்டில பிறந்தவர், கிரிக்கெட் தொழில்முறை வீரற்ற மகன். புரூக்ளின் அட்லாண்டிக்ஸோட ஒன்பது இன்னிங்ஸ் முடிய 5-5. சமன் எண்டு போக அட்லாண்டிக்ஸ் ஆக்கள் தயார். ஹரி ரைட் விடேல்ல, ஆடித்தான் தீரோணும் எண்டு நிண்டவர். பத்தாவதில அவற்ற தம்பி ஜோர்ஜ், கைக்கு வந்த பந்தை வேணுமெண்டே நழுவவிட்டு ரெண்டு பேரை ஒரேயடியா ஆட்டமிழக்க வைச்சவர். அந்தத் தந்திரத்தைத் தடுக்கிற விதி அப்ப இல்லை. பதினோராவதில சின்சினாட்டி ரெண்டு ஓட்டம் முன்னுக்கு.

பிறகு அட்லாண்டிக்ஸ் தலைவர் ஃபெர்குசன் வலக்கைப் பழக்கத்தை விட்டு இடக்கைப் பக்கம் நிண்டு அடிச்சவர். ஜோர்ஜ் நிக்கிற பக்கம் பந்து போகக்கூடாது, அதுதான் காரணம். அந்த அடியில ஆட்டம் சமன், அவரே வெற்றி ஓட்டமும் எடுத்தவர். 8-7. சமனோட விட்டிருந்தால் அண்டைக்கு ஹரி ரைட்டுக்குத் தோல்வி இல்லை. எனக்கு அந்த மனுசனில அவ்வளவு மதிப்பு.

பதில் (தெஹிவளையிலிருந்து)

ஐயா சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். அப்ப பந்தைக் கையைத் தாழ்த்தித்தான் வீசோணும், தூரம் 45 அடி. 1871இல இருந்து 1886 வரைக்கும் துடுப்பாடுறவர் ‘உயரமா’, ‘தாழ்வா’ எண்டு பந்தைக் கேட்டு வாங்கலாம். எல்லேயில எங்கட பக்கத்து ஆளே பந்து போட்டுத் தாற மாதிரி இருக்கு, இல்லையோ?

1880 ஜூன் 12இல வூஸ்டர் அணியின்ர லீ ரிச்மண்ட் ஒருத்தரையும் தளத்துக்கு விடாமல் 1-0 எண்டு வெண்டவர். எதிரணி அடிச்ச ஒரு பந்து வலப்புற வெளிக்களத்துக்குப் போச்சு, அங்க நிண்ட லோன் நைட் அங்கயிருந்தே முதல் தளத்துக்கு எறிஞ்சு ஆளை ஆட்டமிழக்க வைச்சவர். அஞ்சே நாளில ஜோன் வார்ட் அதே சாதனை. அவை ஆடின அமெரிக்கத் தேசிய லீக்கில அடுத்தது 1964இல.

பதில் (வெள்ளவத்தையிலிருந்து)

வார்டை ஞாபகப்படுத்தினது நல்லது. தங்கச்சி, கொழும்புக்கு வந்த ‘ஒல் அமெரிக்கா’ அணியின்ர தலைவர் அதே வார்ட் தான்! கை பழுதாகிப் பந்துவீச்சை விட்டிட்டு ஷோர்ட் ஸ்டொப்பா (ரெண்டாம், மூண்டாம் தளத்துக்கு இடையில நிக்கிற களத்தடுப்பாளரா) ஆடினவர், சட்டமும் படிச்சவர். இவை கடலில இருக்கேக்க, அங்க முதலாளிமார் வீரர்களைத் தரம் பிரிச்சு ஆகக்கூடினது 2,500 டொலர் எண்டு சம்பளத்துக்கு வரம்பு போட்டிட்டினம். வார்ட் சும்மா இருக்கேல்ல. 1890இல வீரர்கள் தங்கட லீக்கையே தொடங்கிச்சினம். ஒரு வருசம் தான் நிண்டது. எண்டாலும் தொடங்கிச்சினம்.

கேள்வி கேட்டவர்

ரெண்டு பேருக்கும் நன்றி. அணியில ஒரு பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் அடிக்க வரும், நான் தான் “ஒரு பக்கத்தில நில்” எண்டு மறிச்சுக்கொண்டிருந்தனான். சனிக்கிழமை பயிற்சியில அவளை இடப்பக்கம் நிக்க விடப்போறன்.