டாஸ்மாக் கடைக்கு இடம் குறித்தபோது உங்கள் ஊரில் நடந்தது என்ன?

பள்ளி ஆசிரியை, நகராட்சிப் பகுதி:

எங்கள் பள்ளியின் பின்தெருவில் மதுக்கடை வரப்போவதாகத் தெரிந்து பெற்றோர்கள் ஆட்சியரிடம் மனுக் கொடுத்ததும், அளவெடுக்க ஆள்கள் வந்ததும் எல்லா ஊரிலும் நடப்பவைதான். என் மனத்தை விட்டு அகலாதது அந்த அளவு நாடா போன பாதை. கடை வாசலின் நடுவில் ஒருவர் முனையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் பரோட்டாக் கடையைத் தாண்டி, தெருமுனையில் திரும்பி, நாடா எட்டாத இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, பள்ளியின் முன்வாசல் வரை இழுத்துக்கொண்டு போனார். நகராட்சியில் பள்ளிக்கும் கடைக்கும் இடையே இருக்க வேண்டிய 50 மீட்டருக்குச் சற்று மேலே வந்தது. பிள்ளைகளில் பெரும்பாலோர் பயன்படுத்தும் பின்வாசல் கடைக்கு மிக அருகில் இருக்கிறதே என்று கேட்டேன். அளக்க வந்த அலுவலர் அதில் தொங்கிய பூட்டைக் காட்டி, "பூட்டிக் கிடக்கும் கதவை வாசல் என்று எப்படியம்மா எழுதுவது?" என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

கடை மேற்பார்வையாளர்:

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று வழக்கறிஞர் கே. பாலு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்த பிறகு, எங்கள் கடைக்கு ஊருக்குள் இடம் தேட வேண்டியதாயிற்று. சரக்கு வண்டியுடன் புதிய இடத்துக்குப் போனபோது பெண்கள் குடங்களை வரிசையாக வைத்து வழியை மறித்து அமர்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்த அம்மா ஒருவர் என்னை அடையாளம் கண்டு, "சாப்பிட்டாயா தம்பி?" என்று அன்பாகக் கேட்டுவிட்டு, அதே குரலில், "ஷட்டரைத் திறந்தால் உன்னை உள்ளே வைத்தே பூட்டுவோம்" என்றார். தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் நாங்கள்தான் எப்போதும் மக்கள் கண்ணில் படுகிறோம்.

ஊராட்சி முன்னாள் வார்டு உறுப்பினர்:

மேற்பார்வையாளர் அந்த அம்மாவின் கதையைச் சுவையாகச் சொல்லிவிட்டு, ஊருக்குள் கடை நுழைந்ததைச் சாலைத் தீர்ப்பின் தலையில் கட்டுகிறார். அதே உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் உரிமங்களை அந்தத் தடை கட்டுப்படுத்தாது என்று விளக்கம் தந்ததே, அதன் பிறகு எத்தனை கடைகள் குடியிருப்பை விட்டு வெளியேறின? எங்கள் கதை வேறு விதம். ஊராட்சியாக இருந்தவரை கோயிலுக்கும் கடைக்கும் இடையே 100 மீட்டர் வேண்டும். பக்கத்து நகராட்சியுடன் எங்களைச் சேர்த்ததும் அது 50 ஆகிவிட்டது. தெரு அதே தெரு, மாரியம்மனும் இருந்த இடத்திலேயே இருக்கிறாள். மனுவோடு போனபோது, கோயில் அறநிலையத் துறையில் பதிவானதா என்று கேட்டார்கள். மூன்று தலைமுறையாகக் கூழ் ஊற்றும் கோயிலுக்குக் காகிதம் எங்கே தேடுவது?

வழக்கறிஞர் அலுவலக எழுத்தர்:

எங்கள் தெருவிலும் கடை வந்தது, மனுக் கொடுத்தோம், தள்ளிப்போனது. அவ்வளவுதான். ஆனால் மேலே எழுதியவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 2003-ஆம் ஆண்டின் மதுபான சில்லறை விற்பனை விதிகளில் 8-ஆவது விதியை முழுவதும் படியுங்கள். தூரக் கணக்கோடு அது முடிந்துவிடுவதில்லை. நகரமைப்புத் திட்டத்தில் வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று வகைப்படுத்தப்பட்ட இடங்களுக்கு அந்தத் தூரமே பொருந்தாது என்ற விலக்கும் அதில் இருக்கிறது. ஆகவே நாடாவைப் பற்றி வாதாடுவதற்கு முன், உங்கள் தெரு அந்தத் திட்டத்தில் எந்த வகையில் இருக்கிறது என்று பாருங்கள். நகர்மன்றத்தில் தீர்மானம் போட்டால் கடை போய்விடும் என்று நம்பி மாதக்கணக்கில் கவுன்சிலர் வீட்டுக்கு நடக்கிறவர்களைப் பார்க்கிறேன். உரிமம் தருவது நகராட்சி அல்ல என்பதால் அந்தத் தீர்மானத்துக்கு வேண்டுகோளின் எடைதான் உண்டு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அளவீட்டு அறிக்கையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேளுங்கள். எந்த வாசலிலிருந்து, எந்த நாளில் அளந்தார்கள் என்பது அதில் எழுத்தில் இருக்க வேண்டும். ஆசிரியை அவர்கள், பின்வாசல் அன்றாடம் திறக்கப்படுவதைத் தலைமையாசிரியரின் கடிதத்தோடு இணைத்து, பள்ளி வேலைநாளில் மறு அளவீடு கோரலாம். இவையெல்லாம் கையில் இருந்தால்தான் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு நிற்கும். வெறும் கோபத்தை நீதிபதி எப்படிப் பரிசீலிப்பார்?

கடை மேற்பார்வையாளர்:

முன்னாள் உறுப்பினருக்கு ஒரு வார்த்தை. இடத்தைத் தேர்வு செய்வதிலோ, உரிமம் வழங்குவதிலோ கடை ஊழியருக்கு எந்தப் பங்கும் இல்லை. சாவியை மட்டும்தான் எங்களிடம் கொடுக்கிறார்கள். ஏன் ஊருக்குள் வந்தது என்று கேட்பதானால், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கட்டட உரிமையாளரிடம் முதலில் கேளுங்கள். எங்கள் கடையின் உரிமையாளர், மறியலுக்குப் பந்தல் போட்ட அதே தெருவைச் சேர்ந்தவர்தான்.